காம்பும் காம்பஸும்

அக்கா வவுனியாவில் பல்கலைக்கழகம் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கண்டாவளை வீட்டுக் குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு வந்தது. கை ஈரமென்று அம்மா போனை என்னைப் பிடிக்கச் சொன்னார். இரைச்சலுக்கு நடுவே அக்காவின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"அம்மா, எங்களைக் காம்ப்... வெளியில விடமாட்டினமாம்..."

அதோடு தொடர்பு அறுந்தது. திருப்பி எடுத்தால் அவளுடைய போன் வேலை செய்யவில்லை.

அம்மா மீனை மூடிவைக்கக்கூட இல்லை. பூனைக்கு அன்று விருந்து. வயலில் நின்ற அப்பாவிடம் சொல்லும்படி பக்கத்து வீட்டாரைக் கேட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பரந்தன் சந்தியில் பஸ் ஏறினார். வீதியோரம் இராணுவ முகாம் வரும்போதெல்லாம் என் மணிக்கட்டில் அவருடைய பிடி இறுகியது. நோகிறது என்று சொல்லப் பயமாக இருந்தது.

நாங்கள் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. காவலாளி ஆளனுப்பிச் சொன்னதும், அக்கா கழுத்தில் அட்டை தொங்க ஓடிவந்து எங்களை உள்ளே கூட்டிப்போனாள்.

"காம்புக்க வச்சிருக்கினம் எண்டியே!" அம்மாவின் குரல் உடைந்தது.

"ஐயோ அம்மா, காம்பஸ்!" என்று சிரித்தாள் அக்கா. "யூனிவசிற்றியை அப்பிடித்தான் சொல்லுறது. கூட்டம் முடியுமட்டும் வெளியில விடமாட்டினம் எண்டு சொன்னனான். அதுக்குள்ள சார்ஜ் முடிஞ்சு போச்சு."

அம்மா வாசலோரச் சீமெந்துத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். அவரைத் தேற்ற அக்காவுக்குத் தெரிந்தது, அன்று வகுப்பில் படித்த பாடம்தான்.

"ரெண்டும் ஒரே சொல்லிலயிருந்து வந்ததுதான் அம்மா. லத்தீனில காம்பஸ் எண்டால் வெட்டைவெளி. அந்த வெளியில படை கூடாரம் அடிச்சால் காம்ப். அதில இறங்கிச் சண்டை பிடிச்சவன் சாம்பியன். பிறகு படிக்கிற இடத்துக்கும் அந்தப் பேரே வந்திட்டுது."

அம்மா முகத்தைத் துடைத்தார். "அப்ப நான் பிழையாக் கேக்கேல்லை."

அக்காவின் சிரிப்பு நின்றது. அம்மா காவலாளியின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நினைச்ச நேரம் பிள்ளையள் இதால வெளியில போகலாமோ?"

"ஓம் அம்மா, போகலாம்," என்றார் அவர், ஏன் கேட்கிறார் என்று விளங்காமல்.

அக்கா அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, வாசலைத் தாண்டி வீதிக்குக் கூட்டிப்போனாள். திரும்ப உள்ளே கூட்டிவந்தாள். மறுபடியும் வெளியே போனார்கள்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அப்படி வெளியே வர முடியாத, போர் முடிந்ததும் எங்கள் சனத்தை அடைத்துவைத்த ஒரு முகாமின் முட்கம்பிக்குள்தான் நான் பிறந்தேன் என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.