வளைவு மேஸ்திரி அளந்த அளவு

காதில் செருகிய பென்சிலை வீடு முழுக்கத் தேடுவார் வளைவு மேஸ்திரி. யாராவது சுட்டிக் காட்டினால் கூச்சமே படமாட்டார். "காதுக்கும் ஏதாவது வேலை வேணாமா? சம்சாரம் சொல்றதைத்தான் அது கேக்கறதில்லையே!"

சுவரை விட்டுத் தெருப்பக்கம் பிதுங்கி நிற்கும் வளைவு ஜன்னல் செய்வதுதான் அவர் தொழில். ஐந்து கண்ணாடி, உள்ளே உட்கார ஒரு பலகை. மாதிரி கேட்பவர்களுக்குத் தன் தொந்தியைத் தட்டிக் காட்டுவார். "நான் போட்ட முதல் வளைவு இதுதான். முப்பது வருஷமாச்சு, ஒரு விரிசல் கிடையாது."

வேலையில் ஆள் படு கறார். உள்ளே அளந்ததும் தெருவுக்குப் போய் வெளியேயும் அளப்பார். வெளி வளைவுதான் நீளம். அதை மறப்பவன் உளியையே தொடக்கூடாது என்பார். அப்பேர்ப்பட்டவர் பெற்ற மகள் வீட்டில் கோட்டை விட்டார்.

மகள் தானாகப் பார்த்துச் செய்துகொண்ட கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. "பெரிய மகாராஜா நான்! வரமாட்டேன்னு போர்வையை இழுத்துப் போத்திப் படுத்துக்கிட்டேன். அங்க பந்தி நல்லா நடந்துச்சாம்." ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. போன மாதம் அவளே போன் செய்தாள். "முன் ரூமுக்கு ஒரு வளைவு ஜன்னல் வேணும். வர முடியுமா?" அப்பா என்று கூப்பிடவில்லை. மனுஷன் பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் நடந்தே போய் அளவெடுத்துக்கொண்டு வந்தார்.

இன்று காலை சுவரை உடைத்துச் சட்டத்தைத் தூக்கி வைத்தால், நாலு விரல் குறைகிறது. அவ்வளவு பெரிய ஓட்டைக்கு முன்னால் திருதிருவென்று விழித்தார். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"வெளிப்பக்கம் அளக்கலையா?" என்றாள் மகள். அவர் பட்டறையில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா?

மரம் சுருங்கிவிட்டது என்று சொல்லிப் பார்க்கலாம். வாய் வரவில்லை. இந்த வேலையும் கெட்டால் இனி எந்தச் சாக்கில் இந்த வாசலை மிதிப்பது?

"அளக்கலம்மா. நீ உள்ள விட்டதே பெரிசு. அளக்கறேன்னு வெளிய போனா கதவைச் சாத்திடுவியோன்னு பயந்துட்டேன். உள்ளயே நின்னு ஒப்பேத்திட்டேன். நாப்பது வீட்டுக்கு ஜன்னல் வச்ச மேதாவி நான்!" சிரிக்கப் பார்த்தார்.

மகள் அந்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு டேப்பை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"வெளிய போய் அளங்கப்பா."

அவர் வாசல் கதவைப் பார்த்தார். அவள் நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு போய், வாசல் கதவை விரியத் திறந்து, அதற்கு முட்டுக் கொடுத்து வைத்தாள்.