பாஸுக்குப் பின்வாசல்

1. யாரையும் தெரியாதவன்தான் டிக்கெட் எடுப்பான்

கால்பந்து அணியில் டிக்கெட்டிங் மேனேஜராகச் சேர்ந்த முதல் நாளே என் போன் சூடாகிவிட்டது. அதுவரை திருவனந்தபுரம் பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜராக இருந்தவள் நான். ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாது. கூட்டத்தைச் சமாளிப்பேன் என்று எடுத்துக்கொண்டார்கள். கூப்பிட்டவர்கள் எல்லாரும் வாழ்த்திவிட்டு, போனை வைக்கும்போது ஒன்றையே கேட்டார்கள்: இலவச பாஸ்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். திருவனந்தபுரம் ஆபீசர்களின் ஊர். இங்கே டிக்கெட் எடுக்கிறவன் யாரையும் தெரியாதவன். பாஸில் வருகிறவன்தான் மனுஷன். விலை ஒரு விஷயமே இல்லை. டிக்கெட்டைவிட ஆட்டோவுக்கு அதிகம் கொடுத்து வந்து பாஸ் வாங்கிப் போனவர்கள் உண்டு. எங்களுக்கு ஜெர்சித் துணி கொடுத்த சாலை பஜார் துணி வியாபாரிகூட, "டிஸ்கவுண்டு நான் கூடுதல் போடுறேன் அக்கா, ஒரு நாலு பாஸ் மதி, அது போதும்" என்றார்.

எங்கள் தெருவில் ராமநாதன் சார் இருக்கிறார். செக்ரட்டேரியட்டில் பெரிய பதவி. அவர் கேட்கவில்லை, உத்தரவே போட்டார். "மீனாட்சி, ஆறு பாஸ் எடுத்து வெச்சுடு, கேட்டயா? கமலாவும் வரா."

2. நிறைந்த ஸ்டேடியம், காலியான கல்லா

எங்கள் சிஇஓ கோயம்புத்தூர்க்காரர். முதல் சில மேட்ச்களுக்கு ஸ்டேடியம் நிறைந்திருந்தது. மனிதர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஏனுங்க மேடம், ஸ்டேடியம் ரொம்பி வழியுது. கல்லாவுல மட்டும் ஈ ஓட்டறோமே, அதெப்படிங்க?"

எப்படியென்று எனக்குத் தெரியும். பாஸ்காரர்கள் ஆடி அசைந்து வருவார்கள், இடைவேளையில் வடை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். கழக்கூட்டம் ஐடி பார்க் பிள்ளைகள் ஆன்லைனில் டிக்கெட் எடுத்திருப்பார்கள். ஹைவே நெரிசலில் சிக்கி, பாஸ்காரர்கள் வெளியே போகும் நேரத்தில் உள்ளே வருவார்கள். தவறாமல் காசு கொடுத்து நேரத்துக்கு வந்தவர்கள் கடற்கரை மீனவக் குடும்பத்துப் பையன்கள்தான். அவர்களைத்தான் நாங்கள் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் பின்வாசலில் வெயிலில் நிறுத்தினோம். முன்வாசல் பாஸ்காரர்களுக்கு. எனக்கே அது அசிங்கமாக இருந்தது.

சீசனில் ஒரே ஒரு ஹோம் மேட்ச் பாக்கியிருந்தபோது சிஇஓ என்னைக் கூப்பிட்டார். "இந்த ஊரு ஒரு டீமைத் தாங்காதுன்னு ஓனரு சொல்றாருங்க. கடைசி மேட்ச்சுக்குப் பாதி ஸ்டேடியமாச்சும் டிக்கெட்டுல ரொம்போணும். இல்லீன்னா டீமை வேற ஊருக்குக் கொண்டு போயிருவாங்க."

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, நம் ஊரைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

பாஸை நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஸ்டேடியத்து விளக்குக்கு ஒரு ஆபீஸிலும் தண்ணீருக்கு இன்னொரு ஆபீஸிலும் போய் நிற்க வேண்டிவரும். அதனால் கேட்ட அத்தனை பேருக்கும் பாஸ் கொடுத்தேன். வாசலை மட்டும் மாற்றினேன். மண்டபத்தில் நான் கற்றது இது: சாம்பாரில் உப்பு இல்லையென்றால் மன்னித்துவிடுவார்கள், வாசலில் கவனிக்கவில்லையென்றால் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். ஒரு வாரம் முன்பே ஊர் முழுக்க போஸ்டர் ஒட்டினோம்: 'முன்வாசல் டிக்கெட் எடுத்தவர்களுக்கு மட்டும்.' 'மட்டும்' என்று எங்கேயாவது எழுதியிருந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே உள்ளே போயாக வேண்டும். கவுன்டருக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாஸ் வைத்திருந்தவர்கள் மட்டும் போஸ்டரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

3. சந்தனமும் பன்னீரும்

மேட்ச் அன்று மண்டபத்திலிருந்து சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு எல்லாம் வந்தன. முன்வாசலில் செக்யூரிட்டி ஆட்களோடு நானே நின்றேன். செண்டை மேளத்தோடு முதலில் வந்த கடற்கரைப் பையன் பன்னீர் பட்டதும் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாருக்கோ தெளிக்கிறோம் என்று. "உனக்குத்தான்ப்பா" என்றதும் தலையைக் குனிந்து காட்டினான். இன்னொரு தடவை தெளித்தேன்.

அவர்களுக்குப் பின்னால் ராமநாதன் சார், பட்டுப்புடவையில் அவர் மனைவி கமலா மாமி, கூடவே நான்கு உறவினர்கள்.

"பாஸுக்குப் பின்வாசல் சார்" என்றேன்.

"என்னது? நான் யாருன்னு இவாகிட்ட சொல்லு, மீனாட்சி!"

"எல்லாருக்கும் தெரியும் சார். அதனாலதானே பாஸ் கொடுத்திருக்கோம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஆபீஸ் கிளார்க் குடும்பத்தோடு எங்களைக் கடந்து போனார். நெற்றியில் சந்தனம், வாயில் கல்கண்டு. "குட் ஈவினிங் சார்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

கமலா மாமி பன்னீர்ச் செம்பைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "நீங்க வேணும்னா பின்னால சுத்திண்டு வாங்கோ. நான் டிக்கெட் வாங்கிண்டு முன்னால போறேன்."

சார் பாஸை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கவுன்டர் வரிசையில் போய் நின்றார். வரிசையில் நிற்பது எப்படி என்று முன்னால் நின்ற பையன்தான் கையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான்.

4. கோபம்

டிக்கெட்டிலேயே பாதி ஸ்டேடியத்துக்கு மேல் நிறைந்துவிட்டது. ஆனால் எங்கள் அணி தோற்றது, அதுவும் கேவலமாக. இனி யார் காசு கொடுத்து வருவார்கள், எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு சிஇஓவோடு வெளிவாசலில் நின்றேன். கடைசி விசில் வரை யாரும் எழுந்திருக்கவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராமநாதன் சார் நேராக எங்களை நோக்கி வந்தார். வாசலில் நடந்ததற்குத்தான் கத்தப் போகிறார் என்று தயாரானேன்.

"காசு குடுத்து வந்திருக்கேன் ஆக்கும்! அந்த கோல்கீப்பர் பந்து வரச்சே எங்கே பாத்துண்டு நின்னான்? கோச்சைக் கூப்பிடு, நான் பேசறேன்! அடுத்த சீசனுக்கும் இதே ஆள்தானா?"

அவருக்குப் பின்னால் கடற்கரைப் பையன்களும் அதையே மலையாளத்தில் கேட்டார்கள், இன்னும் காரமாக.

சிஇஓ போனை எடுத்து ஓனரைக் கூப்பிட்டார். அதைக் கூட்டத்தின் பக்கம் கொஞ்ச நேரம் நீட்டிப் பிடித்துவிட்டு, "கேட்டுச்சுங்களா? ஊருக்கு நம்ம மேல கோவம் வந்திருச்சுங்க. இனி இவங்க நம்மள விட மாட்டாங்க" என்றார். அன்றுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

அணி இங்கேயேதான் இருக்கிறது. நடுத்தர ஊர் ஒரு பெரிய அணியைத் தாங்குமா என்று இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். ஜனத்தொகையைப் பார்க்காதீர்கள், தோற்ற அன்று எத்தனை பேர் கத்துகிறார்கள் என்று பாருங்கள் என்பேன். இனாமாக வந்தவனுக்குக் கோபம் வராது.

ராமநாதன் சாருக்கு இப்போதெல்லாம் நான் பாஸ் அனுப்புவதில்லை. அனுப்பினால், பின்வாசலில் வர நான் என்ன அந்நியனா என்று கேட்பார்.