தயிர்ச் சட்டிக்கு அக்கா போர்த்திய வெள்ளைத் துணி

அன்று காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: அக்கா, அத்தான், ஓட்டமாவடி லொறிக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்போம்), நான். வேறு ஒருவரும் இல்லை. நடுவில் பாயில் ஒரு தயிர்ச் சட்டி. அக்கா அதை வெள்ளைத் துணியால் மூடினார்.

“நம்மட தயிர்க் கம்பனி செத்துப்போச்சு. ஒரு வருசமும் ஓடல்ல. ஏன் செத்தது? ஆளுக்கொண்டாச் சொல்லுங்க.”

“விடிஞ்சதும் விடியாததுமா என்ன கதை புள்ள இது?” என்று அத்தான் சீறினார். கம்பனி இன்னும் தொடங்கவே இல்லை!

எங்கள் அக்கா சித்தாண்டியில் பிறந்தவர். அப்பா நேரத்தோடு கண்மூடிவிட்டதால் ரோட்டோரம் எருமைத் தயிர் விற்று என்னை வளர்த்தார். எட்டாம் ஆண்டோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோதும் ஏசவில்லை. சட்டி கழுவ வைத்துக்கொண்டார். பிறகுதான் கொழும்பில் தினமும் தயிர் கேட்டார்கள். குளிர்ப்பெட்டி பூட்டிய லொறியை மாதத் தவணைக்கு லீசிங்கில் எடுக்க வேண்டும். முற்பணத்துக்கு ஈடு வைக்க அக்காவின் சீதன வீடு ஒன்றுதான் இருந்தது.

செத்தவீட்டில் கேட்டிருப்பீர்கள்: “நேரத்தோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்”, “அந்த இருமல அப்பவே பார்த்திருக்கலாம்.” எல்லோருக்கும் அன்றுதான் புத்தி வரும். அந்தப் புத்தியை முன்னுக்கே வாங்கிவிட வேண்டும் என்பது அக்காவின் கொள்கை.

அத்தான் டீசல் விலையால் செத்தது என்றார். “வைக்கோல் வச்சுக் கட்டாம சட்டியெல்லாம் உடைஞ்சிரிக்கும்” என்றார் காக்கா.

எதிலும் கெடுதிதான் முதலில் தெரியும் எனக்கு. பயந்தாங்கொள்ளி என்றுதான் பெயர். அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ நித்திரை இல்லாம எதுக்குப் பயந்தனி? அதச் சொல்லு.”

“மாரியில செத்தது அக்கா. வெள்ளத்தில எருமைப் பட்டியெல்லாம் மேட்டுக்குப் போயிட்டு. பால் வரல்ல. லொறி முத்தத்தில நிண்டது, லீசிங் காசு நிக்கல்ல. முதல்ல லொறி போச்சு. மறுகா வீடு.”

அக்கா தொடையில் ஓங்கித் தட்டினார். “இவன்ட பயத்த இவ்வளவு நாளும் சும்மா கிடக்க விட்டிட்டமே!”

இதை எழுதும்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. என் பயத்துக்கும் ஒரு வேலை கிடைத்த நாள் அது!

“சரி, இப்ப உயிர் குடுங்க” என்றார் அக்கா.

“அப்ப லொறி வாங்காத தங்கச்சி. என்ட லொறி இரிக்கி. ஓடின நாளைக்குக் கூலி தா. ஓடாத நாளைக்கு வேணாம்” என்றார் காக்கா.

“கூலி அண்டண்டைக்கே காக்கா. கடன் வச்சா அடுத்த செத்தவீடு நம்மட சிநேகத்துக்குத்தான்.”

துணியை எடுத்தார். வீட்டு உறுதிப் பத்திரம் பெட்டிக்குள் போனது. தயிரில் இனிப்புப் பாணி ஊற்றிச் சாப்பிட்டோம். “பிரேதத்தத் தின்னக் குடுத்த பொஞ்சாதி உலகத்தில நீ ஒராள்தான்” என்றார் அத்தான். அக்கா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினார்.

அந்த மாரியிலேயே ரோட்டை மேவி வெள்ளம் பாய்ந்தது. லொறி நின்றது, செலவும் நின்றது. அக்காவின் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருவது அதே வீட்டில்தான். பிறகு எந்தப் பெரிய வேலைக்கும் முதலில் சட்டிக்குத் துணி. முதலில் என் பயம்.

நோயில் கிடந்தபோதும் அக்கா விடவில்லை. “எனக்குத் துணி தேடாத தம்பி. கம்பனிக்கு மூடு. நான் இல்லாம அது செத்திட்டு. ஏன்?”

அழுதுகொண்டே சொன்னேன்: “பயத்த ஒருத்தரும் வாய் திறந்து சொல்லல்ல அக்கா.”

“அப்ப நீ சொல்லிக்கொண்டே இரு” என்று சிரித்தார்.

அக்காவைப் பார்த்த வைத்தியர்கள், தாதிமார், அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த அயலவர், தோள் கொடுத்த எல்லோரையும் கைகூப்பி நினைக்கிறோம். தயிர் ஓட்டத்துக்கு அண்டண்டைக்கே கூலி வாங்கும் காக்கா, அக்காவைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு வான் வண்டியில் கொண்டுபோன கூலியை மட்டும் வாங்க மறுக்கிறார். “அது யாவார ஓட்டமில்ல தம்பி” என்கிறார். அக்கா சொன்னதுபோல் சிநேகம் செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பயத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆகவே உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்: காக்காவுக்கு நாங்கள் இன்னும் கொடுக்கவேண்டியது முப்பத்தாறாயிரம் ரூபாய்.