ஏரிக்கரையில் சோற்று மணம்

வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையோரம் ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது. மசாலாவில் சேர்ப்பதற்கு முன்னால் வெறும் பாஸ்மதியை வடித்துக் கொட்டுவார்கள் பாருங்கள், அந்த ஆவி பஸ் ஜன்னல் வழியாக முகத்தில் அடிக்கும்போதெல்லாம் என் கை தானாக மூக்குக்குப் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். பேய், குறி, ஜாதகம் எதையும் நம்பியவள் இல்லை நான், இப்போதும் நம்பச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசி. கணவருக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை அயனம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்துப் போர்ஷனில் ஸ்டெல்லா. அவள் கணவருக்கும் அதே தொழிற்சாலை, அதே காத்திருப்பு. பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். தெருநாய், காக்கை, பால்காரரின் முரட்டு எருமை எல்லாம் அவளிடம்தான் போகும். நானோ கவிதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள். உலகத்தில் ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று, கூட்டத்தில் என்னைத் தேடி வந்து நிற்காதா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டே இருந்தேன். இதைக்கூடச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

மார்கழியில் ஒரு விடியல். ஒயர் கூடையோடு நாங்கள் இருவரும் ஏரிக்கரை மேல் பால் பூத்துக்கு நடந்தோம். பனி, எதிரே பனைமரம்கூடப் பாதிதான் தெரிகிறது. திடீரென்று சோற்று மணம். சுடச்சுட, இப்போதுதான் வடித்தது போல.

"இன்னாக்கா இது, இந்நேரத்துக்கே எவ ஊட்ல சோறு வடிக்கிறா?" என்றாள் ஸ்டெல்லா.

சுற்றிலும் வீடே கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் முள்ளுக்காடு.

பனைமரத்திலிருந்து தலைகீழாக இறங்கியது அது. பூனையைவிட நீளம், உடம்பளவுக்கு வால், முழுக்க வெள்ளை. மரநாய் என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். அதன் மேல் அப்படித்தான் மணக்கும், ஆனால் வெள்ளையில் கிடையாதம்மா, நீங்கள் கண்டது பனியாக இருக்கும் என்றார். பனிக்கு இளஞ்சிவப்பு மூக்கு இருக்குமா? அது நேராக எங்களை நோக்கி வந்தது, பயமே இல்லாமல், ஏற்கெனவே தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோல. தோளோடு தோள் ஒட்டி நின்றோம். என் புடவைக் கொசுவத்தை அதன் வால் உரசியது. நின்றுவிடும் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். நிற்கவில்லை. என்னைத் தாண்டி, ஸ்டெல்லாவின் தொங்கிய கையை எம்பி முகர்ந்தது. கன்னத்தை அவள் உள்ளங்கையில் ஒருமுறை தேய்த்தது. முள்ளுக்குள் போய்விட்டது.

ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாதக்கா, கண்ணு பட்டுடும்."

யார் கண்ணைச் சொல்கிறாள் என்று வழி முழுக்க எரிந்தேன்.

அதற்கப்புறம்தான் நான் சொன்னால் நீங்கள் சிரிக்கும் விஷயம். ஸ்டெல்லா காபித்தூள் கேட்டு வாசலில் நிற்பாள், சோற்று மணம் முன்னால் வந்துவிடும். மொட்டை மாடியில் துணி காயப்போடுவாள், காற்றில் வரும். என் வீட்டில் உலை வைக்காத நேரம் பார்த்துத்தான் வரும். அவள் பையனுக்கு இரவெல்லாம் இழுத்த இழுப்பு அந்த மாதமே நின்றது. சர்வீஸில் என் கணவருக்குப் பின்னால் இருந்த அவள் கணவருக்குக் குவார்ட்டர்ஸ் முதலில் வந்தது. இடையில் என் முதல் கவிதையை ஒரு வாரப் பத்திரிகை போட்டது. ஸ்டெல்லா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். என் கவிதையை என் கண்ணெதிரே விரித்து வைத்திருந்தாள், நான் அவள் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ நாள் யாருக்கும் தெரியாமல் தனியாக ஏரிக்கரை போய் அந்தப் பனைமரத்தடியில் கையைத் தொங்கவிட்டு நின்றிருக்கிறேன். கொசுதான் வந்தது.

அவர்கள் கிளம்பிய நாளில் டெம்போ வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. கட்டில், பீரோ, மாதா படம், எல்லாம் ஏறியாயிற்று. ஆவடி என்ன, பஸ் ஏறினால் சிறிது நேரம்தான். இருந்தும் அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கப் போகவில்லை, அவளும் வரவில்லை. அன்று டெம்போவில் ஏறப்போனவள் திரும்பி என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு மூச்சை இழுக்கவே பிடிக்கவில்லை, அந்த மணம் வந்துவிடும் என்று.

"குவார்ட்டர்ஸ்காரி ஆயிட்ட, இனிமே எங்களை எல்லாம் மறந்துடுவ" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"போக்கா, நீ வேற. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அன்னிக்கு ரெண்டு பேரும்தானே நின்னுகினு இருந்தோம்? என் பாவாடைய உரசிக்கினு வந்த அது, என்னைத் தாண்டிப் போயி உன் கையத்தான் மோந்துச்சு. எனுக்கு வயிறு எரிஞ்சுது தெரியுமா? உன் கவிதை புக்ல வந்தன்னிக்குக்கூட கட்டிப்புடிச்சிக்கினு அதைத்தான் நினைச்சேன். நீ கதவாண்ட வந்தாலே சுடுசோத்து வாசனைக்கா, இப்பவும் வருது. ஒரே ஒரு தபா அந்தக் கையக் குடு, மோந்துட்டுப் போயிடறேன்."