பெர்னார் என்று எத்தனை பேர்

ஹூஸ்டன் டெலிபோன் புத்தகத்தை என் நாத்தனார் சமையல் மேடையில் தொப்பென்று போட்டதில் நான் ஆய்ந்துகொண்டிருந்த கொத்தமல்லி நசுங்கிப்போனது. "அண்ணி, கொத்தமல்லி!" என்றேன். "கெடக்குது விடு, இங்க பாரு" என்றார். பெர்னார் என்ற பெயர் பத்தி பத்தியாக இறங்கிக்கொண்டே போனது. பாண்டிச்சேரியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு மட்டும் சொந்தமான பெயர் என்றல்லவா நினைத்திருந்தேன்!

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், சொந்த வழக்கத்தைத் துறந்து அவர்கள் சட்டத்துக்குள் வருகிறவர்கள் ஒரு குடும்பப் பெயரைப் பதிய வேண்டும். என் கணவரின் கொள்ளுத்தாத்தா பெர்னார் என்று எழுதிக்கொடுத்தார். கூப்பிட்டதுமே எந்தத் தெருக்காரன் என்று காட்டிக்கொடுக்காத பெயர் வேண்டும் என்றாராம். அதன் வேர் பழைய ஜெர்மானிய மொழியில் இருக்கிறது, கரடிபோல் துணிந்தவன் என்று பொருள். எங்கள் வீட்டு ஆண்கள் கரப்பான்பூச்சிக்கே நாற்காலிமேல் ஏறுவார்கள், அது வேறு கதை. பிரான்சில் தடுக்கி விழுந்தால் ஒரு பெர்னார் மேல்தான் விழ வேண்டும் என்பார் நாத்தனார்.

அது இரண்டாயிரத்து ஐந்து. லூசியானாவைப் புயல் புரட்டிப்போட்டு, ஜனங்கள் பஸ் பஸ்ஸாக, நாங்கள் குடியிருந்த ஹூஸ்டனில் வந்து இறங்கியிருந்தார்கள். நாத்தனார் நர்ஸ். முகாமில் பிரஷர் பார்க்கப் போனவரின் பேட்ஜைப் படித்துவிட்டு, வயதான கறுப்பின அம்மா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" அவரும் பெர்னார். பஸ் ஏறிய தள்ளுமுள்ளில் தம்பியைத் தொலைத்துவிட்டார். தம்பிக்குக் கண் மங்கல், சர்க்கரை வேறு. வருஷக்கணக்காக அக்காதான் ஊசி போடுவார். மருந்தோ அக்காவின் பையிலேயே தங்கிவிட்டது. முகாமில் சொல்லிவிட்டு அவரை நாத்தனார் கையோடு எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்திருந்தார்.

அந்த அம்மா ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது. "எங்க முன்னோருங்க அடிமைங்க. எஜமான் பேர எங்க மேல எழுதிட்டாங்க" என்றார். எங்கள் கொள்ளுத்தாத்தா தானே விரும்பி எழுதிக்கொண்ட அதே பெயர்! கடவுளே, எத்தனை கடல்களைத் தாண்டி இது என் அடுப்பங்கரையில் வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குச் சிலிர்த்துவிட்டது.

மதியம் முழுக்க நாங்கள் போன் போட்டோம். இப்போது யார் வீட்டிலும் டெலிபோன் புத்தகம் இல்லை. தெரியாத எண்ணிலிருந்து வந்தால் நானே எடுப்பதில்லை. அன்று ஒரு பெர்னார்கூட டக்கென்று வைக்கவில்லை. வெள்ளைக்காரர், கறுப்பினத்தவர், பிரெஞ்சு கலந்து பேசிய ஒரு தாத்தா, யாருக்கும் அந்தத் தம்பியைத் தெரியவில்லை. ஆனாலும் "அந்த அம்மாவுக்குத் தங்க இடம் இருக்கா?" என்று கேட்காதவர் இல்லை. கடைசியில் ஒருவர், வடக்கே இர்விங் என்ற ஊரில் ஒரு சர்ச் கூடத்தில் கண் தெரியாத பெர்னார் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று எண்ணைக் கொடுத்தார்.

அங்கே எடுத்த பெண் கறாராகச் சொன்னாள்: "சொந்தக்காரங்ககிட்ட மட்டும்தான் பேச விடுவோம். நீங்க யாரு?"

நாத்தனார் என்னைப் பார்த்தார். அந்த அம்மா அசதியில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார்; வேறு யாராவதாக இருந்துவிட்டால் என்று எழுப்ப மனம் வரவில்லை. ரூல்னா ரூல் என்று ஐசியு வாசலில் உடன்பிறந்த தம்பியையே, அதாவது என் கணவரையே, மறித்து நிறுத்தியவர் அவர். ஒரு பொய்க்கு ஒன்பது நாள் பாவமன்னிப்பு கேட்கிற ரகம். "அவரோட அக்கா பொண்ணு" என்றார், கண் இமைக்காமல்.

ஸ்பீக்கரில் நடுங்கும் குரல் ஒன்று வந்தது. "எங்கக்காவுக்குப் பொண்ணே கெடையாதே. யாரு நீ?"

குரல் கேட்டு விழித்த அந்த அம்மா பாய்ந்து போனைப் பிடுங்கினார்.

"இப்ப இருக்காடா! நீ ஊசி போட்டுக்கிட்டியா, மொதல்ல அதச் சொல்லு."