இருந்த ஓட்டைகள்

ஒரு வாகனத்தைச் சுற்றி நான்கு ஆண்கள் நின்றால் அங்கே வேலை நடக்கிறது என்று நம்புபவர்கள் லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அக்கா கல்யாண வீடுகளுக்குச் சமைக்கத் தொடங்கியிருந்தாள். அத்தான் எங்கோ ஒரு பழைய பிக்கப்பையும், ஊர் திரும்பும் அமெரிக்கன் ஒருவனிடம் நீண்ட ட்ரெய்லர் ஒன்றையும் வாங்கி, ட்ரெய்லருக்குள் அடுப்புகள் பூட்டினார். அதன் மூக்கு, பிக்கப்பின் திறந்த பெட்டிக்குள் பூட்டிய ஹிட்ச் என்னும் இரும்புத் தட்டில் உட்கார வேண்டும். தட்டு பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டுமென்று கூட வந்த தாளில் படம் போட்டே காட்டியிருந்தது. அத்தானின் தமையன் அந்தத் தாளில் கிரீஸ் கையைத் துடைத்தார்.

பெட்டியின் வால்பக்கத்தில், முன்பு யாரோ ஸ்பானர், சுத்தியல் வைக்கும் ஆயுதப்பெட்டி பூட்டிய ஓட்டைகள் இருந்தன. தமையனுக்கு அதைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஓட்டை இருக்கேக்கை ஏன் புதுசாத் துளைப்பான்? நல்ல தகரத்தைப் பழுதாக்கவே?"

உதவிக்கென்று வந்து நின்ற அயல்வீட்டுக்காரர் இருவரும் ஓம் ஓம் என்றார்கள். அவர்கள் எதற்கும் ஓம் என்பவர்கள்.

"அண்ணை, அது அச்சுக்குப் பின்னாலையெல்லோ வருது. பாரம் ஏறினா பிக்கப்பின்ரை முன் சில்லு கிளம்பும், ஸ்டியரிங் பிடிக்காது," என்றேன்.

"உமக்கு உதுகள் விளங்காது பிள்ளை. போய்த் தேத்தண்ணி போடும்."

போட்டேன். திரும்பி வரும்போது ட்ரெய்லரின் பாரம் ஏறி, பிக்கப் நாய் குந்துவதுபோலப் பின்பக்கம் அமிழ்ந்து நின்றது. அத்தான் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்து வந்தார்.

"ஸ்டியரிங் கொஞ்சம் லேசாக் கிடக்கு."

"லேசா இருந்தா நல்லதுதானே," என்றார் தமையன்.

அன்று பின்னேரம் லெஸ்டரில் கல்யாணம். இந்த லட்சணத்தில் மோட்டர்வேயில் அத்தானுக்குப் பக்கத்தில் இருந்து போகப்போவது அக்கா.

"அப்ப அக்காவை நான் ரெயினில கூட்டிக்கொண்டு வாறன். அண்ணை, நீங்கள் முன்னுக்கு ஏறுங்கோவன்."

தமையனுக்கு உடனே ஷிப்ட் ஞாபகம் வந்தது. அயல்வீட்டுக்காரர் ஒருவருக்கு முதுகு வலித்தது. மற்றவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். அத்தான் சில்லை உதைத்துப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா மசாலா டப்பாக்களோடு வந்தாள். யாரும் கூப்பிடாமலே ஏறி, டப்பாக்களை மடியில் வைத்து, பெல்ட்டைப் போட்டாள். இறங்கச் சொன்னேன்.

"உனக்கு எல்லாத்திலயும் பயம். அவையள் பார்த்துத்தானே பூட்டியிருப்பினம்."

நான்கு பேரில் ஒருவரும் தலை நிமிரவில்லை. தமையன் வீட்டுக்குள் போய்த் துளைக்கும் மெஷினை எடுத்து வந்தார். அத்தான் கதவைத் திறந்து, "இறங்கும், சின்ன வேலையொண்டு கிடக்கு," என்றார்.

அக்கா இன்றைக்கும் சொல்லுவாள், அண்ணை எவ்வளவு கவனமான மனிசன், புறப்படுகிற நேரத்திலும் எல்லாம் சரிபார்த்தவர் என்று. அவர் அடக்கமாகச் சிரிப்பார். நான் தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன்.