வலைக்கம்படியில் நின்ற இஞ்சின்

இரண்டு மாரிக்கு முந்தி நடந்தது இது. எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம். எதிர்க்கரையில் மட்டக்களப்பு டவுன். என் கணவர் வாவியில் இறால் பிடிப்பவர். அந்த வருடம்தான் தோணியை விட்டுவிட்டு, பழைய இஞ்சின் பூட்டிய சின்ன வள்ளம் ஒன்று வாங்கியிருந்தார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் என் குரல் தானாக இறங்கிவிடும்.

வாங்கிய புதிதில் இஞ்சினில் ஒரு குறையும் இருக்கவில்லை. கொஞ்ச நாள் போனபிறகு இடைநடுவில் நிற்கத் தொடங்கியது. எங்கே நின்றது என்பதுதான் விஷயம். விடியக்காலை இறாலை டவுனுக்குக் கொண்டுபோகும்போது, வாவி நடுவில் பழைய வலைக்கம்புகள் நாட்டியிருக்கும் இடத்தில், இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். எத்தனை தரம் கயிற்றை இழுத்தாலும் பிடிக்காது. துடுப்பால் வலித்து அந்த இடத்தைத் தாண்டிப் போய் இழுத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடும். திரும்பி வரும்போது நிற்காது. போகும்போது மட்டும்தான்.

அந்த வலைக்கம்படியில்தான் என் தம்பியை எடுத்தார்கள். அதற்கு முந்திய மாரியில் வலை பார்க்கப் போன அவனுடைய தோணி காற்றில் கவிழ்ந்துவிட்டது. அவன் கம்பிலே வலையோடு சிக்கிக் கிடந்தான். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த பிள்ளை.

"தம்பிதான் வள்ளத்தைப் பிடிச்சு வைக்கான்" என்று ஊருக்குள்ளே கதை வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கிணற்றடியில் அப்படிச் சொன்ன ஒருத்தியை நன்றாக ஏசிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தனியே இருந்து அழுதேன்.

கணவர் இஞ்சினில்தான் பிழை தேடினார். பிளக்கை மாற்றினார். காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார். டாங்கியிலிருந்து இஞ்சினுக்குப் பெற்றோல் போகும் குழாயின் நடுவில், கையால் பிசைகிற ரப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். அது சப்பையாகிக் கிடக்கிறது என்று புதிது வாங்கிப் போட்டார். கடைசியில் இஞ்சினைக் கழற்றி டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் அதைத் தண்ணீர்ப் பீப்பாவில் இறக்கி, தன்னுடைய டாங்கியில் குழாயை மாட்டி அரைநாள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒருதரமும் நிற்கவில்லை. "இஞ்சின்ல பிழையில்ல. நீங்க ஓடுற இடத்திலதான் பிழை" என்று பகிடி விட்டாராம். கணவர் அன்றைக்குச் சோறும் சரியாகத் தின்னவில்லை.

எங்கள் அம்மா எங்களோடுதான் இருக்கிறா. தம்பி போனபிறகு அவவுக்கு ஒரு வழக்கம் வந்திருந்தது. தினமும் விடிய, கணவர் டாங்கி நிறையப் பெற்றோல் ஊற்றி மூடியதும், கண்ணகை அம்மன் கோயில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு கரைக்கு வருவா. முதலில் இஞ்சினுக்குத்தான் பூசினா. அது சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடுகிறது என்று, பிறகு டாங்கி மூடியின் நட்டநடுவில், நெற்றிக்கு வைப்பதுபோல ஒரு பொட்டு. அதன்மேல் குங்குமம். "மருமகனையாவது விட்டு வை தாயே" என்று அம்மனிடம் கேட்பா. நாங்கள் தடுக்கவில்லை. பெற்ற மனதை யார் தடுக்கிறது?

அந்த மாரியில் வெள்ளம் போட்டது. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், எந்த வாகனமும் வராது. ஒருநாள் பின்னேரம் அம்மா அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. உடம்பெல்லாம் வேர்வை. இடது கை உளைகிறது என்றா. கணவர் கரைக்கு ஓடினார். டாங்கியை நிரப்பினார், அம்மாவைத் தூக்கி வள்ளத்தில் கிடத்தினார். பெரியாஸ்பத்திரி அக்கரையில். அந்த நிலைமையிலும் அம்மா மடியிலிருந்த சந்தனத்தைத் தொட்டு மூடியில் வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினா.

மழை தூறிக்கொண்டிருந்தது. கரை தெரியவில்லை. வெள்ளம் வடிய முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி விட்டிருந்தபடியால் தண்ணீர் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனது. அம்மாவின் தலை என் மடியில். நான் வலைக்கம்புகளைப் பார்க்கக்கூடாது என்று அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இஞ்சின் இரண்டு தரம் இருமியது. நின்றது.

அந்தச் சத்தமில்லாத நேரத்தை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். மழை தண்ணீரில் விழுகிற சத்தம் மட்டும். கணவர் கயிற்றை இழுத்தார், இழுத்தார், கை தோலுரிந்து இரத்தம் வந்தது. துடுப்பை எடுத்தார். வழக்கம்போல வலித்துத் தாண்ட முடியவில்லை, நீரோட்டம் வள்ளத்தைப் பக்கவாட்டில் அள்ளியது. கடைசியில் ஒரு வலைக்கம்பை எட்டிப் பிடித்து அதிலேயே வள்ளத்தைக் கட்டவேண்டியதாயிற்று. வாவியில் அத்தனை கம்பிருக்க, தம்பி சிக்கிக் கிடந்த அந்தக் கம்பு.

அப்போது அம்மா கண்ணைத் திறந்தா. எனக்குப் பின்னால், கம்பு இருந்த பக்கம் பார்த்தா. முகத்தில் வேதனையே இல்லை.

"ஏன் புள்ள அவன் மழைக்குள்ள நிக்கான்?" என்றா. "துவாயக் குடு. தலை நனையுது அவனுக்கு."

திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லை. பார்க்காமலே கத்தினேன்: "டேய், விடுடா! அம்மா சாகப் போறாடா! உனக்குக் கண் தெரியல்லையா?" செத்துப்போனவனை ஏசிய ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். கணவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "புள்ள, அழாத. குமிழப் பாரு, சப்பளிஞ்சு கிடக்கு. புதுசு இது. ஏன் இப்பிடிக் கிடக்கு?"

உண்மைதான். அந்தப் புது ரப்பர்க் குமிழ், உள்ளிருந்து யாரோ உறிஞ்சியது போல ஒட்டிப்போயிருந்தது. டாங்கியின் வயிறும் உள்ளே ஒடுங்கிக் கிடந்தது. பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலேயே தெரிவதால் நடுவழியில் மூடியை ஒருநாளும் திறந்ததில்லை. மழைத்தண்ணீர் போயிருக்குமோ என்று எனக்கு ஒரு யோசனை. சேலைத் தலைப்பை மேலே பிடித்துக்கொண்டு மூடியைத் திருகினேன்.

'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு மூச்சு. ஒடுங்கிக் கிடந்த டாங்கி 'டொக்' என்று பழையபடி புடைத்துக்கொண்டது. நான் பயத்தில் மூடியைக் கீழே போட்டுவிட்டேன்.

"மூச்சு விட்டுட்டான்" என்றா அம்மா. "இனிப் போவம். அவன் விட்டுட்டான்." மறுபடி கண்ணை மூடிக்கொண்டா.

கணவர் குமிழைப் பிசைந்துவிட்டுக் கயிற்றை ஒருதரம்தான் இழுத்தார். பிடித்துக்கொண்டது. கம்பில் போட்ட கட்டை அவர் அவிழ்க்க, மூடியைத் தளரத் தளர வைத்துப் பிடித்தபடியே டவுன் கரைவரை போனேன். இடையில் ஒருக்கால் இறுக்கிப் பார்த்தோம், கொஞ்ச நேரத்தில் இருமத் தொடங்கியது. தளர்த்தினேன், சரியாகிவிட்டது.

அம்மாவை உள்ளே கொண்டு போனபிறகு, ஆஸ்பத்திரி மரவாங்கில் உட்கார்ந்து கணவர் அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதைத் தளர்த்தினால்தான் அடியிலுள்ள துளையால் டாங்கிக்குள் காற்றுப் போகும். அவர் தினமும் தளர்த்திக்கொண்டுதான் ஓடியிருக்கிறார். என் சட்டை ஊசியை வாங்கித் துளைக்குள் விட்டார். மஞ்சளாகக் கல்லுப்போல ஒரு துண்டு உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

"மாமிட பொட்டு" என்றார் கணவர். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினார். காற்று உள்ளே போகாவிட்டால் இஞ்சினால் பெற்றோலை உறிஞ்ச முடியாது. விடிய டாங்கி நிறைய இருப்பதால் உள்ளே காற்று கொஞ்சம்தான், அது வலைக்கம்படி வரைக்கும்தான் தாங்கும். வலித்துக் கடக்கிற நேரத்துக்குள் எங்கேயாவது கசிந்து கொஞ்சம் காற்றுப் போய்விடும். வரும்போது டாங்கி பாதி வெறுமை, அதனால் நிற்பதில்லை. எல்லாவற்றுக்கும் கணக்குச் சரியாக வந்தது. ஆனால் அம்மாவிடம் என்னவென்று சொல்வது? நீங்கள் காப்பாற்ற வைத்த பொட்டுத்தான் உங்களைக் கொல்லப் பார்த்தது என்றா?

அம்மா தப்பிவிட்டா. வார்ட் முழுக்க ஒரே கதைதான்: "என்ட மகன் என்னப் பாக்கிறதுக்கு வள்ளத்த நிப்பாட்டினவன். பொறகு போங்க எண்டு விட்டுட்டான்." கேட்டவர்களெல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. சந்தனத்தை இப்போது வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் வைக்கச் செய்திருக்கிறோம். அங்கே தம்பிக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு பொய்.

மாதாமாதம் கிளினிக்குக்கு அம்மாவை வள்ளத்தில்தான் கொண்டுபோகவேண்டும். முதல்முறை இஞ்சின் நிற்காமல் வலைக்கம்படியைக் கடந்தது. அம்மா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தா. "கோவிச்சிட்டான் போல" என்றா. அன்று முழுக்கப் பச்சைத்தண்ணீரும் குடிக்கவில்லை.

அடுத்தமுறை அதே இடத்தில் இஞ்சின் இருமாமல் நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால், கணவர் குனிந்துகொண்டு கயிற்றைச் சும்மா சும்மா இழுக்கிறார். "சனியன் பிடிச்ச இஞ்சின்" என்று ஏசவும் செய்கிறார். நடிகர்தான்! அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கம்புப் பக்கம் திரும்பி மகனோடு கதைக்கத் தொடங்கினா. இறால் விலை, மழை, என் பிள்ளைகளின் படிப்பு, எல்லாம்.

இன்றைக்கும் மாதத்தில் ஒருநாள் அந்த இடத்தில் வள்ளம் நிற்கிறது. ஏன் நிற்கிறது, எப்படிப் பிடிக்கும் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் சத்தம் அடங்கியதும் என் தலை தானாகக் குனிந்துவிடும், அந்தக் கம்பை நான் இன்னும் நிமிர்ந்து பார்த்ததில்லை. போன மாதம் மழை தூறியது. அம்மாவுக்குக் கேட்காமல், "தம்பி, நனையாதடா" என்று நானும் சொல்லிவிட்டேன்.